பாப்பாய் கீரையில் புள்ளி வைத்தது யாரு?

முதல்ல ஒரு பாவமன்னிப்பு. மூணு வருஷமா நான் ஒரு பொய்யைப் பரப்பிட்டு இருந்திருக்கேன். அதுவும் புரொஜெக்டர் போட்டு, ஸ்லைடு ஓட்டி, நடுவில் பாப்பாய் படமெல்லாம் ஒட்டி.

பொட்டி தட்டுற தொழிலில் இருக்கிற எல்லார் கைவசமும் "சின்னத் தப்பு, பெரிய நஷ்டம்" வகைக் கதைகள் ரெண்டு மூணு இருக்கும். 1999-ல் நாசா செவ்வாய்க்கு அனுப்பின விண்கலம் தொலைஞ்ச கதை ஒண்ணு. ஒரு குழு பவுண்டு கணக்கில் எண்ணைக் கொடுக்க, இன்னொரு குழு அதை நியூட்டன் கணக்குன்னு எடுத்துக்க, கலம் காலி. அதுக்கு அடுத்த ஸ்லைடு நம்ம கீரைக் கதை. ஆபீசில் புதுசா சேர்ற பசங்களுக்கு வகுப்பு எடுக்கும்போதெல்லாம் இதைத்தான் ஓட்டுவேன்.

கதை இதுதான். 19-ம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஒரு வேதியியல்காரர் கீரையில் எவ்வளவு இரும்பு இருக்குன்னு அளந்தார். எழுதும்போது தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளி விழுந்துடுச்சு. 3.5 மில்லிகிராம், 35 ஆயிடுச்சு. உலகமே கீரையை இரும்புச் சுரங்கம்னு நம்பிச்சு. பாப்பாய் டப்பாவைப் பிதுக்கி வாயில் போட்டுக்கிட்டார். அம்மாக்கள் எல்லாம் பிள்ளைகள் வாயில் கீரையைத் திணிச்சாங்க. 1930களில் வேற ஜெர்மன்காரங்க திரும்ப அளந்து தப்பைக் கண்டுபிடிச்சாங்க, ஆனா அதுக்குள்ள காரியம் கைமீறிப் போச்சு. "ஆகவே மக்களே, டெஸ்ட் கேஸ் எழுதுங்க"ன்னு முடிப்பேன். கைதட்டல் நிச்சயம்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அப்படி ஒரு புள்ளித் தப்பு நடந்ததுக்கு ஆதாரமே கிடையாது.

அக்காவும் 8.6-ம்

நான் இதைத் தோண்டப் போனதுக்குக் காரணம் எங்க அக்கா. போன வருஷம் அவளுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்திருந்தா. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழ இறங்கினாலே ரத்தசோகைன்னு கணக்கு. டாக்டரம்மா மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தாங்க. பாதிக்கு மேல பிரிக்கவே இல்லை.

"குமட்டுது டாக்டர், வயிறும் கட்டிக்குது"ன்னு இழுத்தா அக்கா. "மாத்திரைன்னாலே சூடு. அதான் தினம் கீரை செஞ்சு போடுறேனே, அது போதாதா?"ன்னு அம்மா வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிச்சாங்க. லீவில் போன நான் சும்மா இருந்திருக்கலாம். "அம்மா, கீரையில் இரும்பெல்லாம் ஒண்ணும் பெருசா இல்ல, அது ஒரு புள்ளித் தப்பு"ன்னு ஸ்லைடு இல்லாமலே முழுக் கதையையும் எடுத்து விட்டேன். அக்காவுக்குச் சின்ன வயசிலிருந்தே கீரை ஆகாது. "பாத்தியாம்மா, இன்ஜினியரே சொல்லிட்டான்"ன்னு அன்னையோட கீரையையும் நிறுத்திட்டா. ஆக மாத்திரையும் இல்ல, கீரையும் இல்ல. சொந்தச் செலவில் சூனியம் வைக்கிறதுன்னு சொல்வோமே, நான் அக்கா செலவில் வெச்சேன்.

அடுத்த தடவை பார்த்தப்போ 8.2. டாக்டரம்மா என்னைத் திட்டல. ரெண்டே கேள்வி கேட்டாங்க. "கீரையில் இரும்பு மட்டும்தான் இருக்குன்னு உங்களுக்கு யாரு தம்பி சொன்னது? சரி, அந்தப் புள்ளிக் கதையை எங்க படிச்சீங்க?"

ரெண்டுக்கும் பதில் இல்லை. முதல் கேள்வி எங்க போய் நிக்குதுன்னு கடைசியில் சொல்றேன். ரெண்டாவதைத்தான் அன்னைக்கு ராத்திரி முதல்ல தோண்டினேன்.

ஊர் சுத்தின புள்ளி

இந்தக் கதை உலகம் பூரா பரவக் காரணம் ஒரு ரத்தநோய் மருத்துவர். இங்கிலாந்தின் டி.ஜே. ஹேம்ப்ளின். 1981 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மருத்துவத்தில் நடக்கும் மோசடிகளையும் தப்புகளையும் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தப் பத்திரிகையில் கொஞ்சம் லைட்டான கட்டுரைகள் வரும், அந்த ரகம். அதில் போகிறபோக்கில் கீரைப் புள்ளி கதையைச் சொன்னார். ஆதாரம் எதுவும் கொடுக்கலை. ஆனா பத்திரிகை பெரிய பத்திரிகை இல்லையா? அதுக்கப்புறம் இதைச் சொன்ன எல்லாருக்கும் ஹேம்ப்ளினே ஆதாரம் ஆயிட்டார். அவருக்கு முன்னாடியே, 1970களில், ஆர்னால்ட் பெண்டர் என்ற பிரிட்டிஷ் ஊட்டச்சத்துப் பேராசிரியரும் இதே கதையைச் சொல்லியிருக்கார்.

2010-ல் மைக் சட்டன் என்ற குற்றவியல் ஆய்வாளர் (ஆமாங்க, குற்றவியல்தான்!) இந்தப் புள்ளியைத் துரத்திக்கிட்டுக் கிளம்பினார். பழியைச் சுமந்துட்டு இருந்தவர் எமில் வோன் வோல்ஃப். 1870-ஐ ஒட்டி தாவரச் சாம்பல்களை அளந்து பெரிய அட்டவணை போட்டவர். சட்டன் எவ்வளவு தேடியும் புள்ளி இடம் மாறின ஏடு ஒண்ணுகூடச் சிக்கலை. ஹேம்ப்ளினையே கேட்டார். எங்கிருந்து எடுத்தோம்னு அவராலயும் உறுதியாச் சொல்ல முடியலை.

பாப்பாய் விஷயத்திலும் பல்புதான். இ.சி. சீகர் என்ற அமெரிக்க ஓவியரின் தொடர்படத்தில் பாப்பாய் தலைகாட்டினது 1929 ஜனவரியில். கீரையை ஏன் தின்கிறேன்னு 1932-ல் ஒரு படத்தில் அவரே சொல்றார். காரணம் இரும்பு இல்லையாம், வைட்டமின் ஏ! அந்தக் காலத்தில் வைட்டமின் என்பதுதான் புதுச் சரக்கு, ஊரெல்லாம் அதே பேச்சு. இரும்பை நாமதான் பின்னாடி பாப்பாய் தலையில் கட்டியிருக்கோம்.

இதைவிடப் பெரிய கூத்து ஒண்ணு இருக்கு. நார்வேயைச் சேர்ந்த ஓலே பியோர்ன் ரெக்டால் என்ற ஆய்வாளர் 2014-ல் இந்தக் கதை ஆய்வுக் கட்டுரைகளுக்குள்ள எப்படி ஓடுச்சுன்னு எழுதினார். அதில் வருது இது: சரியா மேற்கோள் காட்டாததால் பொய்த் தகவல் எப்படிப் பரவுதுன்னு விளக்குறதுக்காகவே 1995-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரை, உதாரணமா எடுத்துக்கிட்டது இதே கீரைப் புள்ளியைத்தான். அதாவது மூலத்தைப் பார்க்காம எழுதாதீங்கன்னு சொன்ன கட்டுரை, மூலத்தைப் பார்க்காம எழுதியிருக்கு. படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் என் ஸ்லைடு ஞாபகம் வந்துச்சு. சிரிப்பு நின்னு போச்சு.

அப்போ 35 எங்கேர்ந்து வந்துச்சு?

புள்ளி தப்பலைன்னா பத்து மடங்கு வித்தியாசம் எப்படி? இதுக்கு விடை அடுப்படியில் இருக்கு. ஒரு பெரிய கட்டுக் கீரையை ஆய்ஞ்சு வாணலியில் போட்டா கடைசியில் ஒரு கரண்டி தேறும். பச்சைக் கீரையில் 100-க்கு 91 பங்கு தண்ணி.

இன்னைக்கு அமெரிக்க அட்டவணைப்படி 100 கிராம் பச்சைக் கீரையில் 2.7 மில்லிகிராம் இரும்பு. அதே 100 கிராமை ஒரு சொட்டு ஈரமில்லாம உலர்த்தினா மிஞ்சுறது 9 கிராம்தான். அந்த 2.7 முழுசும் இந்த 9 கிராமில் உட்கார்ந்திருக்கும். கணக்குப் போடுங்க, 100 கிராம் உலர்ந்த கீரைக்கு 30 மில்லிகிராம். 1890களில் ஸ்விட்சர்லாந்தின் பாசலில் இருந்த குஸ்டாவ் வோன் புங்கெ கீரையை அளந்து 35-ஐ ஒட்டின எண்ணைச் சொன்னார். அவர் சொன்னது உலர்ந்த கீரைக்கு! அவர் அளந்ததில் பத்து மடங்குத் தப்பு எதுவும் இல்லை. "உலர்ந்த" என்ற ஒரு சொல் வழியில் எங்கேயோ உதிர்ந்து போனா 35 அப்படியே பச்சைக் கீரை தலையில் ஏறிக்கும். நாசா கதை மாதிரியேதான். எண் சரி, அலகு காணோம்.

இது ஏதோ வெள்ளைக்காரன் காலத்துத் தப்பு, நமக்கென்னன்னு நினைச்சா, கடையில் போய் முருங்கைக்கீரைப் பொடி டப்பாவைப் பாருங்க. "ஸ்பினாச்சைவிட 25 மடங்கு இரும்பு"ன்னு போட்டிருக்கும். உலர்ந்த பொடியைப் பச்சைக் கீரையோட ஒப்பிட்ட கணக்கு அது. புங்கெ காலத்து எண் ஜரிகை வேட்டி கட்டிட்டு வந்த மாதிரி. பச்சை முருங்கைக்கீரையைப் பச்சைக் கீரையோட வெச்சுப் பார்த்தா, முருங்கை கொஞ்சம் முன்னாடி நிக்கும், அவ்வளவுதான்.

நம்ம ஊர் அட்டவணைகளிலும் இந்தக் குதி உண்டு. இந்திய உணவு அட்டவணைகளின் பூர்வீகம் நம்ம குன்னூர். 1918-ல் அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஒரு அறையில், ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பிச்சதுதான் பின்னாடி ஊட்டச்சத்து ஆய்வகமா வளர்ந்துச்சு. இந்திய உணவுகளின் சத்து என்னென்னன்னு ஆய்க்ராய்டு 1937-ல் வெளியிட்ட கையேடு அங்கேர்ந்துதான் வந்துச்சு. ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்னு பேர் மாறிச்சு. இந்த வம்சத்து அட்டவணையில் பாலக்கீரைக்கு ஒரு காலத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் இரும்புன்னு போட்டிருந்தாங்க. பின்னால் வந்த பதிப்பில் 1.14. 2017-ல் வந்த புது அட்டவணையில் ஏறத்தாழ 3. ஒரே கீரை, மூணு எண்! யாரும் புள்ளியை நகர்த்தலை. தரையோட வளர்ற இலை, மண்ணும் தூசியும் ஒட்டினா அதில் இருக்கிற இரும்பும் சேர்ந்து கணக்கில் வந்துடும். அளக்கிற முறை மாறும், ரகம் மாறும், விளைஞ்ச மண் மாறும்.

பேர்க் குழப்பம் வேற தனி. ஸ்பினாச்னு இங்கிலீஷில் பார்த்த உடனே நம்மாளுங்க "பசலைக்கீரை"ன்னு எழுதிடறாங்க. பசலை கொடியாப் படரும், இலை வழவழன்னு இருக்கும். அது வேற குடும்பம். பாப்பாய் தின்றது பாலக்கீரை. பாரசீகப் பக்கத்திலிருந்து கிளம்பி உலகம் சுத்தின செடி. சீனாக்காரங்க இன்னிக்கும் பாரசீகத்தை ஞாபகப்படுத்துற பேரில்தான் அதைக் கூப்பிடறாங்க.

இத்தனையும் தாண்டி அந்த 2.7-ம் முழுசா உடம்பில் சேராது. செடியிலிருந்து வர்ற இரும்பு கறி, மீனில் இருக்கிற இரும்பு மாதிரி சுலபமா உறிஞ்சப்படாது. கீரையில் இருக்கிற பாலிபினால் போன்ற சமாச்சாரங்கள் அதைப் பிடிச்சு வெச்சுக்கும். கால்சியத்துக்கும் இதே கதிதான், அதைப் பிடிச்சு வைக்கிறது ஆக்சாலிக் அமிலம். 1988-ல் அமெரிக்காவில் அளந்து பார்த்ததில் பாலில் உள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 27 சதவீதம் உடம்பில் சேர்ந்துச்சு, பாலக்கீரைக் கால்சியத்தில் 5 சதவீதம்தான். அட்டவணையில் இருக்கிறது சமையல்கட்டு வரைக்கும் வர்ற கணக்கு. ரத்தம் வரைக்கும் போற கணக்கு வேற.

புரோட்டீன் புரளி

இரும்பு போச்சு, சரி. இப்போ அடுத்த ரவுண்டு புரோட்டீனில் ஓடுது. எங்க டீமில் ஒரு ஜிம் பார்ட்டி இருக்கான். "கீரையில் வர்ற கலோரியில் பாதி புரோட்டீன் தெரியுமா, கோழியெல்லாம் எதுக்கு"ன்னு ஒரு ஃபார்வர்டு அனுப்பினான். இந்த முறை உஷாரா கணக்குப் போட்டேன். 100 கிராம் பாலக்கீரையில் 23 கலோரி, 2.9 கிராம் புரோட்டீன். ஒரு கிராம் புரோட்டீனுக்கு 4 கலோரி. ஆக 11.6. அட, நிஜமாவே பாதி!

எண் சரிதான். ஆனா நாம கலோரியை வாங்கறதில்லை, கீரையை வாங்கறோம். 65 கிலோ ஆளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை நாளைக்கு ஏறத்தாழ 54 கிராம் புரோட்டீன். அதைக் கீரையிலேயே எடுக்கணும்னா தினமும் கிட்டத்தட்ட 1 கிலோ 900 கிராம். ஆபீசுக்கு லஞ்ச் பேக் வேண்டாம், கோணிப்பை வேணும். அதே 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம், நிலக்கடலையில் 25 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம் தேறும். இங்கேயும் தண்ணியை மறக்கக்கூடாது. பருப்பு 22-ங்கிறது உலர்ந்த பருப்புக்கு. வேகவெச்சா தண்ணி குடிச்சு உப்பி, 100 கிராமுக்கு 7-ஐ ஒட்டி வந்து நிக்கும். சாம்பாரை வெச்சுக்கிட்டு 22-ன்னு கணக்கு எழுதினா நம்ம வீட்டிலேயே ஒரு புங்கெ கதை தயார்.

புரோட்டீன்னு அட்டவணையில் போடற எண் எப்படி வருதுன்னு தேடினப்போ இன்னொரு அதிர்ச்சி. பெரும்பாலும் புரோட்டீனை நேரடியா அளக்கிறதே இல்லை. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் (ஆமாங்க, பீர் கம்பெனியேதான்) ஜோஹன் கெல்டால் 1883-ல் ஒரு முறையைச் சொன்னார். சாமானை அமிலத்தில் வேகவெச்சு அதில் உள்ள நைட்ரஜனை அளக்கணும். புரோட்டீனில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறதால, வந்த எண்ணை 6.25-ஆல் பெருக்கினா புரோட்டீன். சுலபம், மலிவு. 140 வருஷம் தாண்டியும் ஓடிட்டு இருக்கு.

ஆனா நைட்ரஜன் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அந்த முறைக்குத் தெரியாது. 2008-ல் சீனாவில் இதைத்தான் பயன்படுத்திக்கிட்டாங்க. பாலில் தண்ணி கலந்தா புரோட்டீன் எண் இறங்கும், மாட்டிக்குவாங்க. அதனால நைட்ரஜன் நிறைய உள்ள மெலமினை, பிளாஸ்டிக் தட்டு செய்யற சரக்கை, கலந்தாங்க. எண் ஏறிடுச்சு. அந்தப் பால்மாவைக் குடிச்சு ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு. 6 குழந்தைகள் செத்துப்போனாங்க. கீரைப் புள்ளி கதைக்கு நான் கைதட்டல் வாங்கினேன். இந்தக் கதையை ஸ்லைடில் போட மனசு வரலை.

கீரையின் நிஜமான கதை

இப்போ டாக்டரம்மாவின் முதல் கேள்விக்கு வருவோம். கீரையில் இரும்பு மட்டும்தான் இருக்குன்னு யாரு சொன்னது?

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் வந்தார். பஞ்சாலைகளில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ஒரு சோகையை ஆராயத்தான் வந்தார். அவங்க ரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைவா இருந்துச்சு, இருக்கிற அணுக்களும் வழக்கத்தைவிடப் பெருசு பெருசா இருந்துச்சு. இரும்புக் குறையால் வர்ற சோகையில் அணுக்கள் சிறுத்துப் போகும். இது அது இல்லை. சாப்பாட்டில்தான் ஏதோ குறையுதுன்னு வில்ஸுக்குச் சந்தேகம்.

1929-ல் அவர் போய்ச் சேர்ந்த இடம் நம்ம குன்னூர்! மெக்காரிசனின் அதே கூடம். அந்தப் பெண்கள் சாப்பிட்ட மாதிரியே எலிகளுக்குத் தீனி போட்டுப் பார்த்தார். எலிகளுக்கும் சோகை வந்துச்சு. ஆனா எலிப்பேன் பரப்பின ஒரு கிருமியும் அந்தச் சோகைக்குக் காரணம்னு பின்னாடி தெரிஞ்சது. தோல்விதான். விடலை. சென்னையில் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார், இன்னிக்கு கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரின்னு சொல்றோமே, அதேதான். குரங்குகளை வெச்சுத் திரும்ப ஆரம்பிச்சார். ஒரு குரங்குக்கு மார்மைட் கொடுத்தார். மார்மைட்ங்கிறது பீர் காய்ச்சின பிறகு மிஞ்சுற ஈஸ்ட்டிலிருந்து செய்யற கறுப்புக் குழம்பு. விலை மலிவு, பிரெட்டில் தடவிச் சாப்பிடுவாங்க. குரங்கு தேறிடுச்சு. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார், அவங்களும் தேறினாங்க. 1931-ல் இதை வெளியிட்டார். மார்மைட்டில் என்ன இருக்குன்னு அப்போ யாருக்கும் தெரியாது. "வில்ஸ் காரணி"ன்னு பேர் மட்டும் வெச்சாங்க.

அது என்னன்னு தெரிய பத்து வருஷம் ஆச்சு. 1941-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் மூணு பேரும் 4 டன் கீரையை அரைச்சுப் பிழிஞ்சு வடிகட்டி, கடைசியில் துளியூண்டு சரக்கைப் பிரிச்சு எடுத்தாங்க. எந்தக் கீரைன்னு நினைக்கிறீங்க? சாட்சாத் பாப்பாய் கீரை! இலைக்கு லத்தீனில் ஃபோலியம். அதனால ஃபோலிக் அமிலம்னு பேர் வெச்சாங்க.

டன் கணக்கில் கீரையைப் பிழிஞ்சா ஊருக்கெல்லாம் கொடுக்க முடியாதே. அதை ஆய்வகத்திலேயே செயற்கையா உருவாக்கினது 1945-ஐ ஒட்டி, அமெரிக்காவில் லெடர்லே நிறுவனத்துக் குழு. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினவர் யெல்லாப்ரகடா சுப்பாராவ். பழைய சென்னை ராஜதானியில் பீமவரத்தில் பொறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படிச்சு, 1923-ல் கப்பலேறினவர். 1948-ல் செத்துப்போனார், நம்மில் பாதிப் பேருக்கு அவர் பேரே தெரியாது. பாப்பாய் பேர் தெரியாதவங்க கிடையாது.

ஃபோலிக் அமிலம் இல்லாம உடம்பு புது அணுக்களை உருவாக்க முடியாது. கர்ப்பத்தின் முதல் சில வாரங்களில் குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகிறப்போ அது ரொம்ப முக்கியம். ஏற்கெனவே அப்படிப்பட்ட குறையோட ஒரு குழந்தை பிறந்த தாய்மாருக்குக் கருத்தரிக்கிறதுக்கு முன்னாடியிருந்தே இதைக் கொடுத்தா, அடுத்த குழந்தைக்கு அந்த ஆபத்து 72 சதவீதம் குறையுதுன்னு 1991-ல் லான்செட்டில் வந்த பெரிய ஆய்வு சொல்லிச்சு.

இந்தச் சத்து 100 கிராம் பச்சைப் பாலக்கீரையில் ஏறத்தாழ 150-லிருந்து 200 மைக்ரோகிராம் வரை உண்டு. நிறையத் தண்ணியில் வேகவெச்சு வடிச்சுக் கொட்டினா பாதி அதோட போயிடலாம். அம்மா வடிக்கிற ஆள் இல்லை. கீரை வெந்த தண்ணியோடதான் கடைவாங்க. ஆக, கர்ப்பிணிக்குக் கீரை கொடுன்னு அம்மா சொன்னது சரி. அதுக்குச் சொன்ன காரணம்தான் தப்பு. நானோ காரணம் தப்புன்னு கண்டுபிடிச்ச ஜோரில் கீரையையே தூக்கிப் போட வெச்சுட்டேன். அதுவும் ஒரு கட்டுக்கதையைக் கையில் வெச்சுக்கிட்டு.

சிவப்பு மாத்திரை

அக்கா பிரிக்காம வெச்சிருந்த அட்டையை அன்னைக்குத்தான் திருப்பிப் படிச்சேன். இரும்பு, ஃபோலிக் அமிலம். 1970-லிருந்து அரசாங்கம் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துட்டு வர்ற ஜோடி. 2018-ல் வந்த திட்டப்படி ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். லூசி வில்ஸும் சுப்பாராவும் அந்தச் சின்ன மாத்திரைக்குள்ள இருக்காங்க. இரும்புக்கு மட்டும் கீரையை நம்பினா, கர்ப்பிணிக்கு நாளைக்கு 27 மில்லிகிராம் வேணும், 100 கிராமுக்கு 3 வீதம் போட்டாலே 900 கிராம் கீரை. நம்ம நாட்டில் 15-லிருந்து 49 வயசுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகைன்னு 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுது. தமிழ்நாட்டில் 53. அதாவது இதைப் படிக்கிற உங்க வீட்டிலும் ஒருத்தர் இருக்க நிறையவே வாய்ப்பு.

அக்காகிட்ட போய் முழுசாச் சொன்னேன். நான் சொன்னது தப்புன்னும் சேர்த்து. "அப்போ எதை நம்பறதுடா?"ன்னு கேட்டா. நியாயமான கேள்வி. மறுபடி டாக்டரம்மாகிட்டயே போனோம். விசாரிச்சதில் தெரிஞ்சது, சாப்பிட்ட கொஞ்ச நாளும் இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை ரெண்டையும் சேர்த்துப் போட்டு, மேல காபி குடிச்சிருக்கா. கால்சியமும் காபியும் இரும்பைச் சேரவிடாது. ரெண்டு மாத்திரைக்கும் வேற வேற நேரம் வெச்சாங்க. இரும்பு மாத்திரை ராத்திரியில், எலுமிச்சை ஜூஸோட. வைட்டமின் சி இருந்தா இரும்பு நல்லாச் சேரும். குமட்டலும் ஒருவழியாக் குறைஞ்சது. அம்மா பழையபடி கீரை கடைஞ்சாங்க, பக்கத்தில் கெட்டியாப் பருப்பும் வெச்சாங்க. அக்கா முகத்தைச் சுளிச்சுக்கிட்டே சாப்பிட்டா. பிரசவத்துக்கு முன்னாடி பார்த்தப்போ 10.3. பொண்ணு பொறந்தா. இப்போ எட்டு மாசம், கீரை மசியலை ஊட்டினா பாதியைத் தாய்மாமன் சட்டையில் துப்பறா. வேணும் எனக்கு.

ஸ்லைடைத் தூக்கலை. போன மாசம் வகுப்பில் பழைய கதையை அப்படியே சொல்லி முடிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம், "இதுக்கு ஆதாரம் என்னன்னு யாராச்சும் கேட்டீங்களா?"ன்னு கேட்டேன். கப்சிப். ஒரே ஒரு பொண்ணு மட்டும் கை தூக்கி, "அண்ணா, அந்த 35 பச்சைக் கீரைக்கா, காய்ஞ்ச கீரைக்கா?"ன்னு கேட்டா. எனக்கு மூணு வருஷமாத் தோணாத கேள்வி.

உங்க வீட்டில் புழங்குற இந்த மாதிரி எண் ஏதாச்சும் இருந்தா பின்னூட்டத்தில் போடுங்க. சேர்ந்து தோண்டுவோம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். மாத்திரை விஷயத்தில் உங்க டாக்டர் சொல்றதைக் கேளுங்க, இன்ஜினியர் தம்பி சொல்றதைக் கேட்காதீங்க.